ஏர்ஃபோர்ஸா, இஸ்ரோவா? விமானத் துறை பற்றி வாசகர் கேள்விகள்

விமானத் துறை, விண்வெளித் துறை வேலைகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தில்தான் சுற்றுகின்றன: படையில் சேர்ந்து இன்ஜினியர் ஆவதா, வெளியில் படித்து ஆவதா? ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். போர் விமானம் வடிவமைக்க வேண்டும் என்பது அவன் கனவு. ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தால் செலவில்லாமல் படித்து அதைச் செய்யலாம் என்கிறார்களே?
- ஒரு தாய், விருதுநகர்

படிப்புச் செலவு இல்லை என்பது சரி. வடிவமைக்கலாம் என்பதுதான் பெரும்பாலும் தவறு. விமானப்படையின் டெக்னிக்கல் பிராஞ்ச் அதிகாரி விமானத்தை வடிவமைப்பவர் அல்ல, அதைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பவர். கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் நிற்கும் தேஜஸ் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வடிவமைத்தது பெங்களூரில் உள்ள ஏ.டி.ஏ. என்னும் அரசு வடிவமைப்பு நிறுவனம். தயாரித்தது அரசின் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். இன்ஜின் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்துடையது. இன்ஜினோடு இணையும் கியர்பாக்ஸ் ஆவடி சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகத்தில் உருவானது. இந்த இடங்களில் டிராயிங் போடுகிறவர்கள், கணக்குப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சிவிலியன்கள்.

சூலூரில் இருக்கும் சீருடை இன்ஜினியரின் நாள் வேறு மாதிரி. நேற்றுப் பறந்துவிட்டு வந்த விமானி எழுதிவைத்த கோளாறுகளைக் காலைக்குள் சரிசெய்ய வைக்க வேண்டும். எந்த விமானம் இத்தனை மணி நேரம் பறந்தால் எந்த சர்வீசிங், எந்த பாகத்துக்கு ஆயுள் முடிகிறது, ஸ்பேர் வராவிட்டால் எதை நிறுத்தி எதைப் பறக்க விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் ‘ஃபார்ம் 700’ என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் தொழில்நுட்பப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் விமானி அந்த விமானத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார். பிழை நடந்தால் முதலில் புரட்டப்படுவதும் அந்தப் பதிவேடுதான். ஆட்களையும் இயந்திரங்களையும் கட்டி மேய்ப்பதில் ருசி உள்ளவருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. காகிதத்தில் இறக்கை வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர் இரண்டே வருடத்தில் சலித்துப்போவார்.

ஆகவே சீருடையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மகனிடம் ஒன்றைக் கேளுங்கள்: கெட்டுப்போன விமானத்தை இரவோடு இரவாகச் சரிசெய்து காலையில் பறக்கவிடுவது பிடிக்குமா, இன்னும் பத்து வருடம் கழித்துப் பறக்கப்போகிற ஒன்றுக்கு இன்று கணக்குப் போடுவது பிடிக்குமா? அவன் பதிலில் பாதி முடிவு வந்துவிடும்.

பிளஸ் டூ முடித்ததும் என்னென்ன வழிகள் உண்டு?
- மாணவர், நத்தம்

படை வழியில் மூன்று. முதலாவது என்.டி.ஏ., அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. விமானப்படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் (கணிதம் 300, பொது 600), நேர்முகத்துக்கு 900. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். சமீப ஆண்டு அறிவிப்புகளில் விமானப்படைக்கு உள்ள 120 இடங்களில் 92 விமானிகளுக்கு. டெக்னிக்கல் பிராஞ்சுக்கு வெறும் 18, அதுவும் இந்தியா முழுமைக்கும். இன்ஜினியர் ஆவதற்காகவே என்.டி.ஏ. எழுதுவது குறுகலான வாசல் வழியாக நுழையப் பார்ப்பது.

இரண்டாவது, கடற்படையின் பி.டெக். கேடட் நுழைவு. ஜே.இ.இ. மெயின் ரேங்க்கை வைத்து நேர்முகத்துக்கு அழைப்பார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். கேரளத்து எழிமலை அகாடமியில் நான்கு வருடம் பி.டெக். கடற்படைக்கும் விமானங்கள் உண்டு, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் நிற்கும் பி-8ஐ ரோந்து விமானங்கள் அதனுடையவைதான். ஆனால் உங்களுக்கு விமானப் பொறியியல் பிரிவுதான் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். கப்பல் இன்ஜின் அறைக்கும் போக நேரலாம். மூன்றாவது, தரைப்படையின் டெக்னிக்கல் நுழைவு. மூன்றில் விமானத்துக்கு மிகத் தொலைவில் இருப்பது அதுதான்.

சிவிலியன் வழியில் மதிப்பு மிக்கது 2007-ல் தொடங்கி, இப்போது திருவனந்தபுரம் வலியமலையில் இயங்கும் விண்வெளித் துறைக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. அங்கே பி.டெக். ஏரோஸ்பேஸ் இருக்கிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியாக வேண்டும். சேர்ந்தாலே இஸ்ரோ வேலை என்று நினைக்க வேண்டாம். காலியிடமும் நிர்ணயித்த மதிப்பெண்ணும் இரண்டும் இருந்தால்தான் எடுப்பார்கள். அடுத்து சென்னை ஐ.ஐ.டி. அதற்கடுத்து நம் கவுன்சலிங் வழியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அரசுப் பள்ளி மாணவர் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இதற்கும் பொருந்தும், மறக்காதீர்கள்.

என்.டி.ஏ.வில் சேர்ந்துவிட்டு நடுவில் தானாக விலகினால் பயிற்சிச் செலவைப் பெற்றோரிடம் கேட்பார்கள். சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ஏரோநாட்டிக்கல் எடுப்பதா, மெக்கானிக்கலா? கட்-ஆஃப் இரண்டுக்கும் வருகிறது.
- மாணவி, மன்னார்குடி

எம்.ஐ.டி., ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்.டி. மூன்றில் ஒன்றில் இடம் கிடைத்தால் ஏரோநாட்டிக்கலை எடுங்கள். வேறு கல்லூரி என்றால் மெக்கானிக்கலை எடுங்கள். எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமிருந்தால் அதுவும் நன்று.

பலரும் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஆகவே காரணம் சொல்கிறோம். இஸ்ரோ தன் மத்தியத் தேர்வு வாரியம் மூலம் எடுக்கும் ‘சயன்டிஸ்ட் எஸ்.சி.’ இடங்கள் (தொடக்க நிலை விஞ்ஞானிப் பதவியின் பெயர் இது, சாதிப் பிரிவு அல்ல) பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டங்களுக்குத்தான் வருகின்றன. ராக்கெட் செய்கிற நிறுவனத்திலேயே ஏரோநாட்டிக்கலுக்குத் தனி அறிவிப்பு அபூர்வம். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ‘சயன்டிஸ்ட் பி’ தேர்வில் ஏரோநாட்டிக்கலுக்கு இடம் உண்டு, அதற்கு கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் வேண்டும். விமானப்படையின் ‘ஏரோநாட்டிக்கல் இன்ஜினியர் - மெக்கானிக்கல்’ பிரிவுக்கோ பெயரில்தான் ஏரோநாட்டிக்கல். மெக்கானிக்கல் பட்டத்தையும் ஏற்கிறார்கள். அதாவது மெக்கானிக்கல் படித்தவருக்கு இந்தக் கதவுகளில் அநேகம் திறந்திருக்கும். ஏரோநாட்டிக்கல் படித்தவருக்கு மூடியிருக்கும் கதவுகள் கூடுதல். விமானத் துறை கைவிட்டால் கார் தொழிற்சாலைக்குப் போகவும் மெக்கானிக்கல்தான் கைகொடுக்கும்.

மெக்கானிக்கல் எடுத்தால் மூன்றாம் ஆண்டிலிருந்து விமானத்தின் பக்கம் சாயுங்கள். கேஸ் டைனமிக்ஸ், அதிர்வியல், ஃபைனைட் எலிமென்ட், காம்போசிட் பொருள்கள் இவற்றை விருப்பப் பாடமாக எடுங்கள். கேட்டியா அல்லது என்.எக்ஸ்., கூடவே அன்சிஸ், மேட்லேப் ஆகிய வடிவமைப்பு, கணக்கீட்டு மென்பொருள்களைப் பழகுங்கள். எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் மாணவர் விமானப் போட்டியில் ஒரு முறையாவது கலந்துகொள்ளுங்கள். அங்கே மாணவர் விமானங்கள் விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பேட்டரியையும் சுமையையும் கண்ட இடத்தில் வைத்து, ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கு அருகே அது இருக்க வேண்டும். பின்னால் போனால் மூக்கு தானாக மேலே தூக்கும், விமானி எவ்வளவு தள்ளினாலும் இறங்காது, வேகம் செத்து விழும். ஒரு தெர்மாகோல் விமானத்தை இப்படி இழந்தவருக்கு நிலைத்தன்மைப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது.

பி.இ. கடைசி வருடம். ஏ.எஃப்.கேட் எழுதலாம் என்றிருக்கிறேன். எதில் கோட்டை விடுகிறார்கள்?
- மாணவர், ஈரோடு

எழுத்துத் தேர்வில் விடுகிறவர்களைவிட விண்ணப்பத்திலும் நேர்முகத்திலும் விடுகிறவர்களைப் பார்த்தால்தான் வருத்தம். ஏ.எஃப்.கேட் என்பது விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வு. முதலில் தகுதி: தரைப்பணிக்கு (டெக்னிக்கல் பிராஞ்ச் இதில் அடங்கும்) வயது 20 முதல் 26 வரை. பி.இ.யில் 60 சதவீதம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். அரியர் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். 25 வயதுக்குக் கீழ் என்றால் பயிற்சி தொடங்கும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயதில் யாருக்கும் சாதிவாரித் தளர்வு கிடையாது. இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ.வில் ஓ.பி.சி.க்கு மூன்று வருடமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருடமும் தளர்வு உண்டு. ஆக, காலம் குறைவாக இருக்கும் ஏ.எஃப்.கேட்டை முதலில் முடியுங்கள், மற்றது காத்திருக்கும்.

அறிவிப்பில் ஏற்கப்படும் பட்டங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். உங்கள் சான்றிதழில் உள்ள பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். புதுப் பெயர் வைத்த பட்டங்கள் இங்கே சிக்குகின்றன.

தேர்வு இரண்டு மணி நேரம், 100 கேள்வி, 300 மதிப்பெண். சரியான விடைக்கு மூன்று, தவறுக்கு ஒன்று குறையும். அதன் பிறகு ஐந்து நாள் நேர்முகம். தமிழ்நாட்டுக்குப் பக்கத்து மையம் மைசூரு. முதல் நாள் அறிவுத்திறன் தேர்வும், ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதிக் குழுவாகப் பேசவைப்பதும் நடக்கும். தேறாதவர்கள் அன்றே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பின்னர் உளவியல் தேர்வுகள்: 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, 60 சூழ்நிலைகள், மொத்தம் 30 நிமிடம். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த வீரக்கதைகளை இந்த வேகத்தில் யாராலும் கோவையாக எழுத முடியாது. எழுதினாலும் குழுப் பணியில் அந்த ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வார், முரண்பாடு தெரிந்துவிடும். அங்கே தேடுவது அந்தப் பொருத்தத்தைத்தான்.

டெக்னிக்கல் பிராஞ்சுக்குப் போகிறவர் தன் இறுதியாண்டு புராஜெக்ட்டைத் தானே செய்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய புராஜெக்ட்டுக்கு ‘ஏன் இந்தப் பொருள், ஏன் இந்தத் தடிமன்?’ என்ற இரண்டு கேள்வி போதும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். லேசிக் செய்துகொண்டால் சேர்ப்பார்களா?
- வாசகி, தென்காசி

தரைப்பணிக்குக் கண்ணாடி தடையல்ல, பவருக்கு வரம்பு உண்டு. லேசிக்குக்கு முக்கியமான இரண்டு நிபந்தனைகள்: 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். என்.டி.ஏ. வயது பத்தொன்பதரையில் முடிகிறது. ஆகவே என்.டி.ஏ.வுக்காக லேசிக் செய்வது கண்ணையும் பணத்தையும் வீணாக்குவது. ஏ.எஃப்.கேட்டுக்கு 21 வயதில் செய்தால் நேரம் இருக்கிறது. அதற்கு முன் நிறக்குருடு இருக்கிறதா என்று ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். அதை எந்த அறுவை சிகிச்சையும் மாற்றாது.

சம்பளத்தில் எது மேல்?
- பெயர் வேண்டாம், கரூர்

தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விமானப்படையில் அதிகாரியின் தொடக்கப் பதவியான ஃபிளையிங் ஆபீசர், இஸ்ரோ சயன்டிஸ்ட் எஸ்.சி., டி.ஆர்.டி.ஓ. சயன்டிஸ்ட் பி மூவருக்கும் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 10. படை அதிகாரிக்குக் கூடவே ராணுவச் சேவை ஊதியம் 15,500. குடியிருப்பு, கேன்டீன், மருத்துவம் எல்லாம் சேர்த்தால் படையில் கை கொஞ்சம் தாராளம்.

பணத்தில் உண்மையான வேறுபாடு கடைசியில்தான் வரும். ஏ.எஃப்.கேட் வழியாக வருகிற பலரும் ஷார்ட் சர்வீஸ்: 10 வருடம், தேவைப்பட்டால் இன்னும் நான்கு. பென்ஷன் கிடையாது. நிரந்தர கமிஷனில் 20 வருடம் முடித்தால் பழைய முறைப் பென்ஷன் உண்டு. 2004-ல் வந்த புதிய ஓய்வூதியத் திட்டம் முப்படைகளுக்குப் பொருந்தாது. இஸ்ரோவில் சேருகிறவருக்கு அது பொருந்தும், ஆனால் அறுபது வயது வரை வேலை. 22 வயதில் ஷார்ட் சர்வீஸில் சேர்பவர் 36-ல் விங் கமாண்டராக வெளியே வந்து புதிதாக வேலை தேட வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் வருமானத்தை நம்பிப் பலர் இருந்தால் இந்தக் கணக்கை இப்போதே போடுங்கள்.

அப்படி வெளியே வந்தவருக்கு வேலை கிடைக்குமா?
- அதே வாசகர்

கிடைக்கும், ஆனால் வடிவமைப்பில் அல்ல. விமான நிறுவனங்களின் பராமரிப்புத் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, பழுதுபார்ப்பு மையங்கள், தனியார் பாதுகாப்பு உற்பத்தி ஆகியவை அவருக்கு ஏற்ற இடங்கள். வடோதராவில் டாடாவும் ஏர்பஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய சி-295 ஆலை போன்றவற்றில் இந்த அனுபவத்துக்கு விலை உண்டு. ஆனால் சிவில் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட ராணுவ அனுபவம் மட்டும் போதாது. சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் மாட்யூல் தேர்வுகளை (பாடவாரித் தேர்வுகள்) எழுத வேண்டும், கொஞ்ச காலம் சிவில் விமானத்திலும் வேலை பார்த்திருக்க வேண்டும். பணியின் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் இந்தத் தேர்வுகளை முடித்து வைத்தவர் வெளியே வந்ததும் தடுமாறுவதில்லை.

ஏ.எம்.இ. படித்தால் ஏரோநாட்டிக்கல் இன்ஜினியர் ஆகிவிடலாம் என்கிறது ஒரு கல்லூரி.
- ஒரு தந்தை, பழனி

ஆக முடியாது. ஏ.எம்.இ. என்பது விமானப் பராமரிப்பு லைசென்ஸ். நல்ல தொழில், ஆனால் பட்டம் அல்ல. லைசென்ஸ் தருவது டி.ஜி.சி.ஏ., கல்லூரி அல்ல. பி1.1 என்றால் டர்பைன் விமானம், பி1.3 ஹெலிகாப்டர், பி2 ஏவியானிக்ஸ். ஒவ்வொரு மாட்யூலிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. லைசென்ஸ் வந்த பிறகும் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கு ‘டைப் ரேட்டிங்’ முடித்தால்தான் அந்த விமானத்தைப் பறக்க விடுவித்துக் கையெழுத்திட முடியும். பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. தளத்தில் ‘கார்-147’ (பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) அங்கீகாரப் பட்டியலைத் திறந்து, அந்தக் கல்லூரி பெயரும் நீங்கள் சேரும் பிரிவும் இருக்கின்றனவா பாருங்கள். பி.இ.யும் ஏ.எம்.இ.யும் சேர்த்துத் தருகிறோம் என்றால் கூடுதல் கவனம் தேவை: பி.இ. பட்டத்தால் மாட்யூல் தேர்வுகளில் தானாக விலக்கு கிடைக்காது.

அக்னிவீர் வாயுவில் டெக்னீஷியனாகச் சேர்ந்து பிறகு இன்ஜினியர் ஆகலாமா?
- டிப்ளமோ மாணவர், அறந்தாங்கி

அக்னிவீர் வாயு என்பது விமானப்படையின் குறுகிய கால வீரர் பணி, நான்கு வருடம். முடிவில் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய்ச் சேவா நிதியோடு வெளியே வர வேண்டும். கையில் டிப்ளமோ இருக்கிறதென்றால் லேட்ரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேருங்கள். மூன்று வருடத்தில் பட்டம். குடும்பச் சூழல் உடனே சம்பளம் கேட்டால் மட்டும் அக்னிவீரைப் பாருங்கள். அந்த நான்கு வருடத்தில் கைக்கு வரும் வேலைப் பழக்கம் வீண் போகாது.

அமெரிக்காவில் எம்.எஸ். ஏரோஸ்பேஸ் படித்தால் நாசாவில் சேரலாமா?
- மாணவர், கோவை

நாசாவின் அரசுப் பணியாளராக அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ், லாக்ஹீட் போன்ற நிறுவனங்களை ‘ஐடார்’ என்னும் ஆயுத ஏற்றுமதிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை ராக்கெட் தொழில்நுட்பத்தின் அருகே விடுவது அவர்களுக்குச் சட்டச் சிக்கல். இது தெரியாமல் கடன் வாங்கிப் போய், பட்டத்தோடு மென்பொருள் வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஐரோப்பாவின் பயணிகள் விமானத் தொழில் இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகியது. பெங்களூரில் ஏர்பஸ், போயிங், ஜி.இ., ரோல்ஸ்-ராய்ஸ் எல்லாவற்றுக்கும் பொறியியல் மையங்கள் இருக்கின்றன. கடல் கடக்காமலே அந்த வேலை கிடைக்கும். ராக்கெட்தான் வேண்டும் என்றால் சென்னையிலேயே பாருங்கள்: ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல், முப்பரிமாண அச்சில் செய்த இன்ஜினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது.

அப்துல் கலாம் ஏர்ஃபோர்ஸில் தேர்வாகவில்லை என்பதால்தானே விஞ்ஞானி ஆனார்?
- வாசகர், பரமக்குடி

டேராடூன் நேர்முகத்தில் 25 பேரில் அவர் ஒன்பதாவதாக வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. ஆனால் அவர் ஆசைப்பட்டது விமானி ஆக, இன்ஜினியர் ஆக அல்ல. 1958-ல் சேர்ந்ததும் பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவிலியன் தொழில்நுட்பப் பிரிவில்தான். டி.ஆர்.டி.ஓ.வை ராணுவம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: அங்கே வேலை ராணுவத்துக்காக, வேலை செய்கிறவர் சிவிலியன்.

சீருடையும் வேண்டும், வடிவமைப்பிலும் பங்கு வேண்டும். இரண்டும் சேர்ந்த வேலை இருக்கிறதா?
- ஏ.எஃப்.கேட் எழுதிய பெண், வேலூர்

ஒன்று இருக்கிறது: ஃபிளைட் டெஸ்ட் இன்ஜினியர். பெங்களூரில் விமானப்படையின் டெஸ்ட் பைலட் பள்ளி இருக்கிறது. டெக்னிக்கல் பிராஞ்ச் அதிகாரிகளில் தேர்ந்தெடுத்த சிலருக்கு அங்கே ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சி. புதிய விமானத்தை எந்த வேகத்தில், எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் சோதிப்பது என்று திட்டமிடுவதும், பறக்கும்போது தரைக்கு வரும் அளவீடுகளைப் பார்த்து ‘அடுத்த கட்டத்துக்குப் போ’ அல்லது ‘திரும்பி வா’ என்று சொல்வதும் இவர்கள் வேலை. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதலில் பறந்தபோது விமானியின் பின்னால் இப்படி ஒரு கூட்டமே தரையில் இருந்தது. அவர்கள் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் ஏ.டி.ஏ. வடிவத்தைத் திருத்தும்.

இதற்கு நேரடி விண்ணப்பம் கிடையாது. முதலில் ஸ்குவாட்ரனில் சில வருடம் விமானத்தோடு புழங்க வேண்டும், வேலையில் நல்ல பெயர் வேண்டும், கணிதம் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். பயிற்சி முழுக்க எண்களும் வரைபடங்களும்தான். பணியில் இருக்கும்போதே படைச் செலவில் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்க அனுப்பும் வழக்கமும் உண்டு. முடித்த பிறகு சொன்ன காலம் வரை விலக முடியாது. நிரந்தர கமிஷன் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். பத்து வருடத்தில் வெளியேறுகிறவருக்கு இந்த இரண்டுக்குமே நேரம் போதாது.

கையில் பச்சை குத்தியிருக்கிறேன். நிராகரிப்பார்களா?
- மாணவர், ராசிபுரம்

முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை உள்ள உள்பக்கம், புறங்கை - இந்த இடங்களில் இருந்தால் ஏற்பார்கள். தோளிலோ கழுத்திலோ இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் நிராகரிப்பார்கள். விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். இஸ்ரோவில் யாரும் கேட்க மாட்டார்கள்.